நாலணா இடைவெளி

பல் டாக்டர் சந்தியாவுக்கு ஒரே வேலைக்கு இரண்டு தரம் போன் செய்வதென்றால் வேப்பங்காய். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில் அவளுடைய கிளினிக் இருந்தது. முகூர்த்த நாள் நெருங்கினால் கீழே புடவைக்குக் கூட்டம், மேலே பல்லுக்குக் கூட்டம். மாப்பிள்ளை, பெண், பெண்ணின் சித்தி என்று எல்லோரும் போட்டோவில் சிரித்தாக வேண்டும். அந்த நெரிசலில், பல் செய்து கொடுக்கிற ஜெபகுமாருக்குப் போன் போட்டு, "அண்ணா, அந்த மாடல் என்னாச்சு?" என்று கேட்டால், "ஆய்க்கினே இருக்குது மேடம்" என்று பதில் வரும். அந்த "ஆய்க்கினே" இரண்டு நாளாகவும் இருக்கலாம், எட்டு நாளாகவும் இருக்கலாம்.

ஜெபகுமார் செவிலிமேட்டில் ஒற்றை அறையில் லேப் வைத்திருந்தார். டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்பினால், அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி நோயாளியின் தாடையை அப்படியே மாடலாக வார்த்து, அதன்மேல் பல்லைக் கட்டிக் கொடுப்பார். தாடை எலும்பில் திருகு பதித்துப் பொருத்துகிற இம்ப்ளான்ட் பல்லுக்கு மாடல் ஒரு மயிரிழை பிசகினாலும் பல் உட்காராது. ஜெபகுமார் செய்த மாடல் ஒன்றுகூடப் பிசகியதில்லை. ஆனால் மனிதருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முன்பல் வேலை என்றால், ஆளை நேரில் பார்க்காமல் தொடமாட்டார். ஸ்கூட்டரில் வருவார், நோயாளி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். "கொஞ்சம் சிரிம்மா" என்பார். "பேர் சொல்லு, ஊர் சொல்லு" என்பார். கடைசியாக, "கல்யாண போட்டோ இருந்தா எடுத்துக்கினு வா" என்பார். பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டார்கள். அரை மணி நேரம் நாற்காலி அடைபட்டுக் கிடக்கும், வெளியே ஏழு பேர் காத்திருப்பார்கள், சந்தியாவுக்கு உள்ளுக்குள் உலை கொதிக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் பெங்களூர் லேப் ஒன்றின் ஆள் டை கட்டிக்கொண்டு வந்தார். பேனா மாதிரி ஒரு காமிரா. வாய்க்குள் விட்டு இரண்டு நிமிடம் சுற்றினால் தாடை முழுக்க கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறது. அனுப்பு என்று ஒரு தட்டு தட்டினால் பெங்களூருக்குப் போய்விடுகிறது. ஐந்தாம் நாள் மாடலும் பல்லும் சின்ன அட்டைப் பெட்டியில் கூரியரில் வீடு தேடி வருகின்றன. ஜெபகுமார் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் செலவு. ஸ்கூட்டர் இல்லை, ஸ்டூல் இல்லை, கல்யாண போட்டோ இல்லை. இதில் சந்தியாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. யாராக இருந்தாலும் மாறியிருப்பார்கள்.

ஜெபகுமாருக்கு வாட்ஸப்பில்தான் செய்தி அனுப்பினாள். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்பினார். அதுகூட அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

வடிவாம்பாள் வந்தது அதற்குப் பிறகு. ஐயம்பேட்டைக்காரி, ஐம்பத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். புருஷனைக் குளிப்பாட்டும்போது அவர் வழுக்கியிருக்கிறார். தாங்கிப் பிடிக்கப் போய் இவள் துவைக்கிற கல்லில் முகத்தை மோதிக்கொண்டாள். மேல் வரிசையில் நட்ட நடு முன்பற்கள் இரண்டும் வேரோடு உடைந்து போயிருந்தன. முதல் நாள் வேறு டாக்டர் யாரோ பிடுங்கி எறிந்துவிட்டார். பொக்கை வாயோடு வந்து நின்றாள்.

"கழட்டி மாட்டற பல்லு வேணாம் டாக்டரம்மா. அவரு கைய வுட்டு இழுத்துடுவாரு. பொண்ணு ஒரகடத்துல கம்பெனில இருக்குது, அது பணம் தரேன்னு சொல்லிச்சி. நெலையா வெச்சுடுங்க."

"அவருக்கு என்ன?"

"மறதிம்மா. கண்டக்டரா இருந்தாரு, மாகறல் பஸ்ல. எந்த ஸ்டாப்புல யாரு ஏறுவாங்க, யாரு எறங்குவாங்கன்னு அத்தனையும் மனப்பாடம். இப்ப பெத்த பொண்ணத் தெரியல. என்னை மட்டும்தான் தெரியுது. அதுவும் காலைல எழுந்ததும் 'பல்லக் காட்டு'ன்னுவாரு. நான் ஈன்னு காட்டுவேன். 'ஆங், வடிவு'ன்னுட்டு அப்பறம்தான் காபி குடிப்பாரு."

சந்தியா சிரித்தாள். உதவிப் பெண்ணும் சிரித்தாள். வடிவாம்பாளும் பொக்கை தெரியச் சிரித்தாள்.

"இப்ப என்ன சொல்றாரு?"

"'பல்லு எங்க வடிவு'ங்கறாரு. கடைல குடுத்துருக்கேன், வந்துடும்னு சொல்லிக்கினு இருக்கேன். ஓட்டையப் பாத்தே நான்தான்னு புரிஞ்சிக்கிறாரு. டாக்டரம்மா, பழைய மாதிரியே வெச்சுக் குடுத்துடுங்க. பழைய மாதிரின்னா எப்பிடின்னா..."

"அதெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்மா. வாயத் தொறங்க."

வடிவாம்பாள் வாயைத் திறந்தாள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் யாரால் பேச முடியும்?

எலும்பில் திருகு பதித்து, அது பிடித்துக்கொள்ள நான்கு மாதம் ஆயிற்று. வைகாசியில் காமிராவை விட்டுப் படம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் கருட சேவை. ஊரே தெருவில் நின்றது. வரதர் வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று சந்தியா ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. லேப்காரர்கள்தான் கேட்டிருந்தார்கள்: இந்த நோயாளிக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்ததா? இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் சேர்த்தே செய்துவிடுகிறோம். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, விவரம் எழுத. இன்னொன்று, சேர்த்தே செய்யலாம் என்று சொல்ல.

கையுறையைக் கழற்றாமல், சுண்டுவிரல் முட்டியால் இரண்டாவதை அழுத்தினாள். வடிவாம்பாளின் எண் அதே போனில்தான் இருந்தது.

பல் வந்து சேர்ந்த நாளில் வடிவாம்பாள் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மாடலில் பொருத்திப் பார்த்தாள் சந்தியா, கச்சிதம். வாயில் வைத்துத் திருகினாள், அதைவிடக் கச்சிதம். இரண்டு பல்லும் ஒன்றோடொன்று தோள் ஒட்டி, நூல் பிடித்த மாதிரி நின்றன. உதவிப் பெண், "யக்கா, சினிமாக்காரி மாதிரி இருக்குற!" என்று கத்தினாள். கண்ணாடியை வாங்கிய வடிவாம்பாள் வெகுநேரம் பார்த்தாள். நாக்கு நுனி பல்லின் பின்னால் எதையோ தேடுவது வெளியிலிருந்தே தெரிந்தது.

"நடுவுல..." என்று ஆரம்பித்தாள்.

"நடுவுல என்னம்மா? வலிக்குதா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்குது."

அவளைச் சிரிக்கச் சொல்லி சந்தியா போட்டோ எடுத்து, அன்றே கிளினிக்கின் இணையப் பக்கத்தில் போட்டாள். நாற்பது பேர் இதயம் போட்டார்கள்.

ஒன்பதாம் நாள் வடிவாம்பாள் டோக்கன் வாங்காமல் நேராக உள்ளே வந்தாள். முகம் பாதியாக வற்றியிருந்தது. நின்றபடியே சொன்னாள்.

"இந்தப் பல்லப் புடுங்கிடுங்கம்மா."

"ஏம்மா, வலியா?"

"அவருக்கு என்னைத் தெரியல."

சந்தியாவுக்கு முதலில் புரியவில்லை. வடிவாம்பாள் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை யாரும் அவளை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அதனால் முழுக்கச் சொல்லி முடிக்க முடிந்தது.

"எனக்குச் சந்துப்பல்லும்மா. ரெண்டுக்கும் நடுவுல சந்து. சின்ன வயசுல அல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. எங்கம்மா, 'வாய மூடிச் சிரிடி, எவன் கட்டுவான்'னுவாங்க. முந்தானைய வாயில வெச்சுக்கினேதான் சிரிப்பேன். மாகறல்ல இருந்து தெனம் இவரு பஸ்ல வருவேன். ஒருநா டிக்கெட்டு குடுக்கும்போது, 'அந்தச் சந்துல ஒரு நாலணா நிக்கும் போலருக்குதே'ன்னாரு. எனக்கு அழுகையா வந்துச்சி. மறுநா என்ன சொன்னாருன்னா, 'கோச்சிக்காத, பஸ்ல நூறு பேரு ஏறுனாலும் உன்னிது மட்டும்தான் எனக்குத் தெரியுது'ன்னாரு. கட்டிக்கினதும் மொத வேலை, நாலணாவ எடுத்துச் சந்துல வெச்சுப் பாத்தாரு. நின்னுச்சி டாக்டரம்மா. அதோட முந்தானை வெச்சுச் சிரிக்கறத வுட்டுட்டேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பல்லு வெச்சுக்கினு போன அன்னிக்கே, 'இதோ பாரு, பல்லு வந்துடுச்சி'ன்னு காட்டுனேன். உத்துப் பாத்தாரு. 'யாரும்மா நீ? எங்க வூட்டுல ஆளில்லாத நேரத்துல உள்ள வந்திருக்க'ன்னாரு. நான்தான் வடிவுன்னா, கும்பிடறாரும்மா. என்னைப் பாத்துக் கைய எடுத்துக் கும்பிட்டு, 'போயிடு தாயி, எம்பொஞ்சாதி வந்தா தப்பா நெனைப்பா'ன்றாரு. நான் போட்ட சோறத் தொடல. பக்கத்து வூட்டு சிவராஜ் பன்னு வாங்கிக் குடுத்தா அத மட்டும் துண்ணுறாரு. காலைல எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயி குந்திக்கிறாரு. வர்ற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி, மாகறல் வடிவு எறங்குச்சான்னு கேக்கறாரு. பழகிடும் பழகிடும்னு ஒம்போது நாளு பாத்துட்டேன்."

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"ஊரே கொறைன்னு சொன்னத நீங்க சரிபண்ணி வெச்சிருக்கீங்க. அத எப்பிடிம்மா வேணாம்னு சொல்றது?"

சந்தியா போனை எடுத்தாள். கருட சேவை நாளுக்குத் திரும்பப் போய் அந்தச் செய்தியைத் தேடினாள். இருந்தது. கேள்வியும் இருந்தது, அவள் அழுத்திய பதிலும், நேரமும் இருந்தன. லேப்காரன்மேல் பழியைப் போட ஒரு கணம் மனம் அலைந்தது. அவன்தான் கேட்டுவிட்டானே! முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கம்ப்யூட்டரில் வந்து நின்ற ஒரு தாடையைப் பார்த்து, முகம் தெரியாத ஒருவன் கேட்கத் தோன்றியதை, எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் இவள் கேட்கவில்லை. அவள் சொல்ல வந்தபோதும் விடவில்லை.

புதிதாகச் செய்து வரவழைக்க இன்னும் ஐந்து நாள் ஆகும். வீட்டுச் சோற்றைத் தொடாமல் ஒரு மனிதர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார். சந்தியா ஜெபகுமாருக்குப் போன் போட்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு போடுகிற போன்; எடுப்பாரா என்றே சந்தேகமாக இருந்தது. இரண்டாவது மணியில் எடுத்தார். கேட்டுக்கொண்டார்.

"கூட்டினு வாங்க மேடம். கல்யாண போட்டோ இருந்தா எடுத்தாரச் சொல்லுங்க."

ஜெபகுமார் ஒன்றும் நொடித்துப் போயிருக்கவில்லை. வாலாஜாபாத் டாக்டர்கள் மூன்று பேரின் வேலை அவரிடம் இருந்தது. அறையில் புதிதாக ஏசி ஓடியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வடிவாம்பாள் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். போட்டோவைப் பார்த்தார். கல்யாணக் கோலம், கோயில் வாசல், மகளின் காதுகுத்து என்று ஐந்து படங்கள். ஐந்திலும் வடிவாம்பாள் உதட்டை இறுக்கி மூடியிருந்தாள்.

"போட்டோக்காரன் முன்னாடி மட்டும் வெக்கம் போவலைண்ணா" என்றாள்.

"அப்ப எவ்ளோ சந்துன்னு யாருக்குத்தான் தெரியும்?"

வடிவாம்பாள் மடியிலிருந்து பழைய தோல் பையை எடுத்தாள். அவள் புருஷன் கலியனின் கண்டக்டர் பை. அதன் அடி மடிப்பில் விரலை விட்டு ஒரு நாலணாக் காசை எடுத்து நீட்டினாள். செல்லாமல் போய் எத்தனையோ வருஷமான காசு.

"அவருக்குத் தெரியும். இதுதான் அளவு."

ஜெபகுமார் வாங்கி, விளிம்பைக் கருவியில் வைத்து அளந்தார். வடிவாம்பாள் வாயிலிருந்து இரண்டு பல்லையும் சந்தியா திருகிக் கழற்றிக் கொடுத்தாள். அவள் கையோடு கொண்டுவந்திருந்த பெங்களூர் மாடலில் அவற்றைப் பொருத்திவிட்டு, "மாடல் நல்லா அடிச்சிருக்கான் மேடம், குத்தம் சொல்லக்கூடாது" என்றார் ஜெபகுமார். பிறகு சுழலும் கருவியைக் கையில் எடுத்தார். இந்தப் பல்லில் கொஞ்சம், அந்தப் பல்லில் கொஞ்சம். தேய்த்தார், ஊதினார், காசை நுழைத்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். கூர்மை தெரியாமல் ஓரத்தை உருட்டி, பாலிஷ் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சந்தியா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு எந்த அவசரமும் இல்லை.

"ஒரு போன் போட்டிருந்தாக்கூட சொல்லியிருப்பேன் மேடம்" என்றார் அவர், தலை நிமிராமல். "முன்பல்லுன்னா கேட்டுடுங்கன்னு."

அவர் நீட்டிய பல்லை வாங்கி சந்தியா மாட்டினாள்.

பல்லை மாட்டியதும் வடிவாம்பாள் கண்ணாடியைக் கேட்கவில்லை. நாக்கை வைத்துப் பார்த்தாள். பிறகு நாலணாவை வாங்கி, சந்தில் செருகினாள். நின்றது. காசைப் பல்லில் கவ்வியபடி அவள் சிரித்த சிரிப்பில் ஜெபகுமாரும் சிரித்துவிட்டார். எல்லாம் சரியாகிவிடும் என்று சந்தியா அப்போது முழுசாக நம்பினாள்.

தன் காரிலேயே ஐயம்பேட்டைக்குக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் வடிவாம்பாள் நாக்கால் சந்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். "போனதும் மொதல்ல ஒரு வாய் சோறு ஊட்டிடணும். வத்தக்குழம்பு வெச்சிருக்கேன், அவருக்குப் புடிக்கும்" என்றாள். "ஒம்போது நாளு பன்னு துண்ணா ஒடம்பு என்னாவுறது?"

பஸ் ஸ்டாண்டில் கலியன் இருந்தார். காக்கிச் சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தார். ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து எதையோ கேட்டுவிட்டு வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். வடிவாம்பாள் காரிலிருந்து இறங்கி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, நேரே போய் அவர் எதிரில் நின்றாள். சந்தியா நாலடி பின்னால் நின்றாள்.

"இதோ பாரு" என்றாள் வடிவாம்பாள். ஈ என்று காட்டினாள்.

கலியன் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்தே விட்டார். ஒரு விரலை நீட்டி, தொடாமல், அந்தச் சந்துக்கு நேரே நிறுத்தினார்.

"அட!" என்றார். "உனுக்கும் எங்க வடிவு மாதிரியே சந்துப்பல்லு."

வடிவாம்பாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"மாகறல்."

"அவளும் மாகறல்தான்! தெரியுமா அவள? ஊருக்குப் போயிருக்கா போலருக்குது. எம்மேல என்னா கோவமோ, சொல்லாம பூட்டா." கலியன் குரலைத் தணித்துக்கொண்டார். "வூட்டுல வேற யாரோ ஒரு பொம்பள வந்து உக்காந்துக்கினு இருந்தா. அதப் பாத்துட்டுப் பூட்டாளான்னு தெரியல. நீ பாத்தீன்னா சொல்லும்மா. அந்தப் பொம்பளைக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல. அவ கைல ஒரு வாய் கூட நான் வாங்கித் துண்ணல. சாமி சத்தியமா துண்ணலன்னு சொல்லு. வந்துடச் சொல்லு."

ஒரு பஸ் வந்து நின்றது. கலியன் அவசரமாக அதன் படிக்கட்டுப் பக்கம் போய், இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரின் வாயையும் பார்த்தார். பஸ் போன பிறகு திரும்பி வந்தார்.

"சொல்றியா?"

"சொல்றேன்" என்றாள் வடிவாம்பாள்.

அவர் நிம்மதியாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். சந்தியா அருகில் போய் அவள் கையைப் பிடித்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் வடிவாம்பாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள், ஏதோ சந்தியாவுக்குத்தான் துக்கம் நேர்ந்துவிட்டதைப் போல.

"பல்லு நல்லாத்தாம்மா இருக்குது. இப்பதான் என்னிது மாதிரி இருக்குது. நீங்க போங்க, அங்க ஆளுங்க காத்துக்கினு இருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வருமுன் கை தானாக எழுந்தது. முந்தானையை இழுத்து, மாகறல் பஸ்ஸில் ஏறிய நாட்களில் செய்ததைப் போல, வாயை மூடிக்கொண்டாள். பிறகு போய் பெஞ்சின் மறுகோடியில், வேற்று மனுஷி உட்காருகிற தூரம் விட்டு உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து அடுத்த பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.